துண்டுக்கு அடியில் ஒரு பெனால்டி

பந்தைக் கையால் தொடாமலே பேர் வாங்கிய கோல்கீப்பர் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் கெலமங்கலத்துக்காரர். மாட்டுத் தரகர். துண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நிஜப் பேர் எனக்குத் தெரியாது. அவர் சம்சாரத்துக்கே மறந்திருக்கும்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் மாட்டுக்காரரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. அந்தத் துண்டு கோல் போஸ்ட்டிலும் அவர் தோளை விட்டு இறங்கியதில்லை.

கண்ணும் அப்படித்தான். பந்து இந்தப் பக்கம் வரும், அவர் அந்தப் பக்கம் மேய்கிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏம்ப்பா, பந்து எங்க?"

"உள்ள போயிடுச்சுண்ணா."

"போனா போவுது. அந்தக் கிடேரி யாருது?"

இப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கேட்பீர்கள். எங்கள் மைதானம் முழுக்கச் சரளைக்கல். அதில் விழுந்து புரள வேறு எவனும் தயாராயில்லை. இவரும் விழ மாட்டார். ஆனால் நிற்கவாவது செய்தார்.

அப்போது மொழிவாரியாக மாநிலம் பிரிக்கிற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆனேக்கல் டீம் வந்தால் எல்லையே எங்கள் கோல் போஸ்ட்டில்தான் என்பது போல நிற்போம். அவர்கள் கன்னடத்தில் திட்டுவார்கள், நாங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் திட்டுவோம், முற்றினால் தமிழ். திட்டில் ஜெயித்தோம். ஆட்டத்தில் வருஷா வருஷம் தோற்றோம்.

பொறுக்க முடியாமல் பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் ஆனேக்கலை ஜெயிக்காவிட்டால் மைதானம் மாட்டுச் சந்தையாகிவிடும்.

உள்ளூரில் சந்தை வந்தால் யாருக்கு லாபம்? குருபரப்பள்ளிச் சந்தை வரைக்கும் மாட்டை ஓட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் நடக்கிற துண்டுக்காரருக்குத்தான். சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் கேப்டன் என் காதைக் கடித்தான்.

"மாமா, இவரு வேணும்னே விட்டுடுவாரு, பாத்துக்க."

ஆட்டத்தன்று ஆனேக்கல்காரர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எப்படியோ நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். எப்படி என்று போட்டவனுக்கே தெரியாது. பந்தில் காற்று இறங்கி, பிளாடரை வெளியே எடுத்து சைக்கிள் பம்பில் அடித்து, வாரை இழுத்துக் கட்டி... அது வேறு கதை. முடிகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருத்தன் பந்தைக் கையால் தட்டிவிட்டான். நடுவராக நின்ற டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். பெனால்டி.

உதைக்க வந்தவன் அவர்களில் பெரிய கை. வெளியே நின்ற வெள்ளைக் காளை ஜோடியும் அவனுடையதுதான். துண்டுக்காரர் போஸ்ட்டை விட்டு நேராக அவனிடம் நடந்தார். கையைப் பிடித்தார். மேலே துண்டைப் போட்டார்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் மாஸ்டர்.

"கை குடுக்கறேன் சார்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு முகம் சுருங்கியது. "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லித் தலையாட்டிக் கையை உருவிக்கொண்டான். தன் காளைகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். மறுபடி காளைகளைப் பார்த்தான். உதைத்தான். பந்து போஸ்ட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ராகிக் கொல்லையில் போய் விழுந்தது. துண்டுக்காரர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

தூக்கி வைத்துக் கூத்தாடினோம். தோள் மேல் இருந்தவரைக் கேப்டன் கேட்டான்.

"அப்பிடி என்னதாண்ணா கேட்டீங்க?"

"யாவாரம் முடியல, அதனால சொல்லலாம். பாதி வெல கேட்டேன். அந்த மாதிரி காளைக்குப் பாதி வெல கேட்டா, நம்ம மாட்டுல என்ன கொறையோன்னு எவனுக்கும் மனசு அரிக்கும்ல? அரிச்சிக்கினே ஒதைச்சான்."

மைதானம் தப்பியது. சந்தை வரவில்லை. மறுவாரமே அவர் பழையபடி மாட்டை ஓட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நடை நிற்கவேயில்லை.

கடைசியாகப் பார்த்தபோது கட்டிலில் கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு சந்தை வந்திருந்தா இந்தக் காலு இப்பிடி ஆயிருக்காதில்ல?"

தலைமாட்டில் கிடந்த துண்டை இழுத்து எங்கள் கை மேல் போட்டார். விரலை அழுத்தினார்.

என்ன அழுத்தினார் என்று கேட்காதீர்கள். துண்டுக்கு அடியில் பேசியதை வெளியே சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.