அரை சென்டிமீட்டர் குறைந்த மீன்

தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தன் மிதவையைப் பார்க்கிறவரை உங்களுக்குத் தெரியும். தூண்டிலைப் போட்டுவிட்டு அடுத்தவர் மிதவையைப் பார்க்கிறவரைத் தெரியுமா? அவர் தனி இனம். விதியறிந்த தூண்டில்காரர் என்று இப்போதைக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஆறு ஓடுகிற இடமெல்லாம் அவர் ஒருவர் இருக்கிறார். குளத்தங்கரை என்றால் இரண்டு பேர். மற்ற மீன்களுக்கெல்லாம் வருடத்தில் சில மாதம் தடைக்காலம் உண்டு. இவருக்கு அது கிடையாது. எந்த மாதத்திலும் அகப்படுவார். ஆனால் அளவு போதவில்லை என்று சொல்லித் திருப்பித் தண்ணீரில் விட மட்டும் முடியாது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ காற்று வாங்க வந்தவர்போல் கரையோரமாக நடந்து வருவார். உங்கள் வாளிக்குள் பார்வையை இறக்குவார். தூண்டில்களை எண்ணுவார், ஒன்று, இரண்டு, விதிக்கு மேல் மூன்றாவது இருந்தால் தொண்டையைக் கனைப்பார். அதன்பிறகு அந்த வாக்கியம் வரும்: "தப்பா எடுத்துக்காதீங்க, சும்மாதான் கேக்குறேன்..." சும்மா கேட்டதாக வரலாறே இல்லை.

லூர்பெ ஆற்றங்கரையில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஹார்ட்முட் க்ரெவெ. வயது அறுபத்தாறு. நகரப் பேருந்து அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் கால அட்டவணை தயாரித்துவிட்டு ஓய்வு பெற்றவர். பேருந்து தாமதமாக வந்ததுண்டு. அட்டவணை தவறாக இருந்ததில்லை என்பார். லூர்பெயோ அவருக்கென்றே படைத்ததுபோல் இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் எல்லைக்கோடாக ஓடுகிற ஆறு. ஸாண்டர் என்று ஒரு மீன், பல் இருக்கும், வெண்ணெயில் வறுத்தால் அப்படி ஒரு ருசி. அதை இந்தக் கரையில் பிடித்தால் குறைந்தது நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்தக் கரையில் ஐம்பது. இந்தக் கரையில் ஜூன் முதல் தேதி தடைக்காலம் முடிகிறது. அந்தக் கரையில் பதினாறாம் தேதி. மீனுக்கு இது தெரியுமா? தெரியாது. ஹார்ட்முட்டுக்குத் தெரியும். அதுவே அவருடைய வாழ்க்கையின் மகிழ்ச்சி.

பாலத்தின் நடுவில் யாராவது நின்று ஆற்றை வேடிக்கை பார்த்தால்கூட விடமாட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க இப்போ எந்த மாநிலத்துல நிக்கிறீங்க?"

"நான் மீன் பிடிக்கலயே சார், சாண்ட்விச் சாப்பிடுறேன்."

"பிடிக்கலாம்னு தோணிச்சுன்னா? அதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதில்லையா?"

அவருடைய தூண்டில் பையில் தூண்டில் முள்ளைவிடக் காகிதம் அதிகம். மாநில மீன்பிடி ஆணை, ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். சங்க விதிகள், திருத்தங்களோடு. இவற்றுக்கெல்லாம் மேலே, ஒரு முழ நீளத்துக்கும் அதிகமான ஓக் மரப் பலகை ஒன்று. ஒரு முனையில் பித்தளைத் தடுப்பு. மீனின் மூக்கைத் தடுப்பில் முட்டவைத்து, வாலை மறுமுனைப் பக்கம் நீட்டினால் சென்டிமீட்டர் கோடுகளில் நீளம் தெரியும். லூர்பெ கரையில் யாருக்கு எந்த மீன் அகப்பட்டாலும், தீர்ப்பு அந்தப் பலகையில்தான்.

போன செப்டம்பரில் அந்தப் பலகை ஒரு மனிதனைத் தண்டித்தது. ஒட்ஃப்ரீட் லாம்மெர்ஸ். ஹார்ட்முட்டோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், இருபது வருடமாக ஆற்றிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மகளின் நிச்சயதார்த்த விருந்துக்கு ஒரு ஸாண்டர் பிடித்துவிட்டு, மனைவியின் தையல் நாடாவால் அளந்து, நாற்பத்தைந்தரை என்று சந்தோஷப்பட்டு, தட்டிக் கொன்று, இலைகளில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஹார்ட்முட் வந்தார். பலகை நாற்பத்து நாலரை என்றது.

"டேய், நாடால நாப்பத்தஞ்சரை இருந்துச்சுடா."

"துணி நாடா இழுபடும், ஒட்ஃப்ரீட். ஓக் மரம் இழுபடாது."

"அரை சென்டிமீட்டர்டா! வால நீட்டி வச்சா அதுவே வந்துரும்."

"அரை சென்டிமீட்டர விட்டா நாளைக்கு ஒண்ணு. அப்புறம் எதுக்கு அளவு?"

சிறிய மீனைத் திருப்பி விட வேண்டும், அது விதி. கொன்றுவிட்டால் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் விதி. ஹார்ட்முட் அன்று மாலையே தெரிவித்தார். ஒட்ஃப்ரீட்டின் அனுமதிச் சீட்டை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்தார்கள். நிச்சயதார்த்த விருந்தில் கடையில் வாங்கிய உறைந்த மீன் துண்டுகள் பரிமாறப்பட்டன. மாப்பிள்ளை கடற்கரை ஊர்க்காரன். முகம் கோணாமல் தின்றான் என்றும், அதுதான் தாங்க முடியவில்லை என்றும் ஒட்ஃப்ரீட்டின் மனைவி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். அன்றிலிருந்து ஹார்ட்முட்டின் பக்கத்து நாற்காலி காலி. பேச்சுவார்த்தையும் இல்லை.

வருத்தம் இருந்ததா? இருந்தது. ஆனால் விதியின் பக்கம் நின்றவருடைய வருத்தத்துக்கு ஒரு சுகம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா?

இந்த வருடம் ஜூன் முதல் தேதி. காலை எட்டு மணிக்கு ஹார்ட்முட்டின் தூண்டில் வளைந்தது. இரண்டு வருடமாக அவர் ஒரு ஸாண்டரும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அகப்பட்டதெல்லாம் கடுகளவு குறைவு. இது அப்படித் தெரியவில்லை. பத்து நிமிடம் இழுபறி, ஒரு முறை கடவுள் பெயர். கடைசியில் வலைக்குள் பளபளத்தது மீன். ஈரத் துணியால் பிடித்துப் பலகையில் கிடத்தினார். நாற்பத்து நாலே முக்கால்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஹார்ட்முட் ஹார்ட்முட்தான். வலையோடு தண்ணீரில் வைத்து, விடப்போனார். அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்து இறங்கினாள் மீன்பிடி ஆய்வாளர் இம்கெ போர்கர்ட். புதிதாக வேலைக்கு வந்தவள், ரப்பர் பூட்சு, தோளில் ஒரு எஃகு அளவுகோல்.

"நில்லுங்க சார், நல்ல மீனாட்டம் தெரியுதே. அளந்தீங்களா?"

"நாற்பத்து நாலே முக்கால், மேடம். சின்னது. திருப்பி விடுறேன். ஆணை, பிரிவு எட்டு."

"பாத்தா அப்படித் தெரியலயே. நானும் ஒரு தடவ வச்சுப் பாக்கட்டுமா?"

எஃகு நாற்பத்தைந்தே முக்கால் என்றது.

"அப்போ இத விடக்கூடாது சார். அளவுள்ள மீனச் சும்மா பிடிச்சு விளையாடிட்டு விடக்கூடாதுன்னு அதே ஆணையில இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

ஹார்ட்முட் சிவந்துபோனார். ஆணையை இவருக்கே ஒருத்தி ஒப்பிக்கிறாள்!

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், உங்க அளவுகோல்லதான் ஏதோ கோளாறு. எஃகு வெயில்ல நீளும்."

"ஒரு சென்டிமீட்டரா? காலைல எட்டு மணிக்கு?"

மீன் வலைக்குள் புரண்டது. இம்கெ சுற்றும் முற்றும் பார்த்தாள். ஹார்ட்முட்டின் பையிலிருந்து மாநில மீன்பிடி ஆணை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், அந்தத் தாளு ஏ4 தானே? உறையிலேர்ந்து எடுத்துக் குடுங்க. ஏ4 நீளம் எவ்வளவு?"

"இருபத்தொன்பது புள்ளி ஏழு" என்றார் ஹார்ட்முட் உடனே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

தாளின் ஓரத்தைப் பித்தளைத் தடுப்பில் முட்டவைத்து, பலகைமேல் நீட்டி வைத்தாள். மறு ஓரம் இருபத்தெட்டு புள்ளி ஏழில் நின்றது.

ஹார்ட்முட் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தாளைத் திருப்பிப்போட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் நிலவறைப் படிக்கட்டில் பலகை விழுந்து தடுப்பு கழன்றதும், பழைய திருகாணி ஓட்டை பெரிதாகிவிட்டதால் கொஞ்சம் பின்னால் புது ஓட்டை போட்டுத் தானே முடுக்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இருபதுக்குக் கீழே இருந்த கோடுகளெல்லாம் செதிலும் சளியும் பட்டு எப்போதோ அழிந்துவிட்டன. தடுப்பு நகர்ந்தது யாருக்குத் தெரியும்? ஹார்ட்முட்டின் பலகையை யார் சந்தேகப்படுவார்?

"பலகையச் சரி பண்ணிக்குங்க, அவ்வளவுதான்" என்றாள் இம்கெ, சைக்கிளில் ஏறியபடி. "மீன் பிரமாதம் சார். வெண்ணெய் தாராளமா விடுங்க."

வெண்ணெயா? மீனைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு ஹார்ட்முட் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நடந்ததை மனைவி ரோஸ்விதாவிடம் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ ஒட்ஃப்ரீட்?"

"மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். அவன் பண்ணல. காலம் கடந்துபோச்சு."

"நான் காலத்தக் கேக்கல, ஹார்ட்முட். ஒட்ஃப்ரீட்டக் கேட்டேன்."

அவர் சங்க விதிகளை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். தவறான அளவால் தண்டிக்கப்பட்டவருக்கு என்ன செய்வது? பிரிவு இல்லை. தவறாக அளந்தவரை என்ன செய்வது? அதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு படிவமாவது இருக்கிறதா? புழு வாளியின் மூடி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய மகான்கள் இதை எழுதாமல் போய்விட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் எழுத்தில் இல்லாத ஒரு காரியத்தைச் செய்ய வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு திருகாணியை மட்டும் மாற்றிவிட்டால்? அந்தப் பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த யோசனையோடு அவர் ஒரு மணி நேரம் குடித்தனம் நடத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மீனைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் மாதக்கூட்டம். உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எழுந்து நின்ற ஹார்ட்முட், மூன்று பக்க மனு ஒன்றைப் படிக்க ஆரம்பித்தார். புகார் கொடுப்பவர்: ஹார்ட்முட் க்ரெவெ. எதிர்த்தரப்பு: ஹார்ட்முட் க்ரெவெ. குற்றம்: அ, ஆ, இ. இணைப்பு: பலகை ஒன்று, ஏ4 தாள் ஒன்று. இரண்டாம் பக்கத்தில் தலைவர் ஐலெர்ட் தன் பீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"ஹார்ட்முட், உன்மேல நீயே புகார் குடுக்க விதியில இடம் இருக்கா?"

"இல்ல. அதான் பிரிவு பதினொண்ண கொஞ்சம் விரிச்சுப் பொருள் கொண்டு..."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். ஒட்ஃப்ரீட். சீட்டு போனாலும் சாலட்டுக்காக வருவார்.

"டேய். அந்தத் தாளக் கீழ வை."

ஹார்ட்முட் வைத்தார்.

"இப்போ சொல்லு."

கை வெறுமையாக இருந்தால் இந்த இனத்துக்குப் பேச்சு வராது. ஹார்ட்முட் வாயைத் திறந்தார், மூடினார். முப்பது பேர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன்டா, ஒட்ஃப்ரீட்" என்றார். "உன் மீனு சரியான மீனுதான்."

ஒட்ஃப்ரீட் கையிலிருந்த சாலட் தட்டைக் கீழே வைத்தார். "என் பொண்டாட்டிகிட்டயும் வந்து சொல்லு. அவளோட நாடாவ இழுபடும்னு சொன்னியே, அதத்தான் அவ இன்னும் மறக்கல."

மறுநாள் ஹார்ட்முட் போனார். கையில் குளிர்ப்பெட்டி மீன். கதவைத் திறந்த ஒட்ஃப்ரீட்டின் மனைவி கேஸெ, அவரை வாசற்படியிலேயே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தாள். மீனை உள்ளே எடுத்துப் போய் நாடாவால் அளந்தாள். நாற்பத்தைந்தே முக்கால் என்று ஹார்ட்முட் வாயாலேயே உரக்கச் சொல்ல வைத்தாள். அதன்பிறகுதான் வாணலியை அடுப்பில் வைத்தாள். மகளும் கடற்கரை ஊர் மாப்பிள்ளையும் மதியம் வந்தார்கள். மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அந்த மாதமே சங்கம் ஒட்ஃப்ரீட்டின் சீட்டைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு நாற்காலிகளும் மறுபடி ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில். முதல் நாள் ஹார்ட்முட் இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒட்ஃப்ரீட்டுக்கே கவலையாகிவிட்டது.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல." இரண்டு நிமிடம் கழித்து: "தப்பா எடுத்துக்காத, சும்மாதான் கேக்குறேன். நாற்காலியோட முன்கால் தண்ணிக்குள்ள இருக்கே, அது அந்தக் கரைக் கணக்குல வராதில்ல?"

ஒட்ஃப்ரீட் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஒரு மீனும் அந்தப் பக்கம் வரவில்லை.

நீங்களும் சிரித்தீர்கள். நல்லது. நமக்கு மீன் பிடிக்கிற பழக்கமே கிடையாது, இந்த மனிதருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே எங்கோ ஓரிடத்தில் ஒரு 'க்'கோ 'ப்'போ விட்டுப்போயிருக்கிறது என்று கதையை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டீர்களே, அது சரியாக எந்தப் பத்தியில்?