களிமண் திரும்பாத நாள்

தனியாக இருக்கிறவர்கள் சுவரோடு பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் களிமண்ணோடு பேசினேன். அதுவும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு.

என் ஆராய்ச்சி இதுதான். களிமண்ணைத் தண்ணீரில் கலக்கி மின்புலம் கொடுத்தால் துகள்கள் ஒரே பக்கமாகத் திரும்பும். ஊடே போகும் ஒளி மாறும். துகள்மேல் வேறு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் அந்தத் திரும்பலே மாறிப்போகும். எனக்கு வீட்டை விட்டுத் தள்ளிக் கோச்சடையில் ஒற்றை அறை, பல்கலைக்கழகத்தில் ஓர் இருட்டறை. நாள் முழுக்க நான் கூப்பிட்டுத் திரும்பியது அந்த மண் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டதும் திரும்பினால், "வாடி என் தங்கம்" என்பேன் (சிரிக்காதீர்கள், அவ்வளவு தனிமை).

வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதால் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, சமோசாவும் தாராளமாகச் சொல்லிவைத்தேன். அன்றைக்கென்று பார்த்துச் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. கிடாக்கறியை விட்டுவிட்டு மண்ணைப் பார்க்க யார் வருவார்கள்? அப்பா மட்டும் தல்லாகுளம் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

அவருக்காவது காட்டிவிட வேண்டும் என்று, கொண்டுவந்திருந்த களிமண் குப்பிக்குச் சுவிட்சைப் போட்டேன். ஒளி அசையவில்லை. மறுபடி போட்டேன். ம்ஹூம். போச்சு, பட்டம் போச்சு என்று குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

தேர்வாளர் எட்டிப் பார்த்தார். "குப்பிய எதுலம்மா கழுவுனீங்க?"

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு... ஷாம்பு தீந்துபோச்சு சார். தலைக்குப் போடுற கண்டிஷனர்."

"அது முடியில ஒட்டுற மாதிரி களிமண்லயும் ஒட்டிக்கிட்டுத் திரும்பவிடாதுன்னு மூணாவது அத்தியாயத்துல நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க!"

அப்பா எழுந்து நின்றார். "சார், அப்ப பாப்பா எழுதுனது சரிதான?"

தேர்வாளர் சிரித்துவிட்டார். வேறு குப்பியில் புதிதாகக் கலக்கிக் காட்டச் சொன்னார். திரும்பியது. பழக்கதோஷத்தில் "வாடி என் தங்கம்" என்றேன், மைக்கில்.

பட்டம் கிடைத்தது. இந்தக் கதையை இன்று எங்கள் வீட்டு விசேஷங்களில், அன்றைக்கு வராதவர்கள்தான் நேரில் பார்த்ததுபோல் சொல்கிறார்கள். அப்பா மட்டும் சொல்வதில்லை. நான் இன்னும் கோச்சடையில் அதே அறையில்தான் இருக்கிறேன். போனில் என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், உடனே கேட்பார்:

"என்ன பாப்பா, மேல ஏதும் ஒட்டிக்கிச்சா?"

"லேசாப்பா."

"அப்ப கழுவிட்டுக் கிளம்பி வா. சாப்புடாம இருக்கேன்."