தேவாரத்து மூணு முக ருத்ராட்சம்

இனிமேல் இந்த வீட்டில் நான் சாணி அள்ளுவதில்லை என்று தொழுவத்தில் நின்றபடியே முடிவெடுத்தேன். சத்தமாகச் சொல்லவில்லை. என் பெண்டாட்டி சுப்புத்தாய் அடுப்படியில் இருந்தாள். அவளுக்குப் பாம்புக் காது.

எங்கள் ஊர் தேவாரம். ஊரில் என்னை வண்டிக்கார ராக்கையா என்பார்கள். மலைத் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போய், ஏலக்காய் ஏற்றி வருகிற தொழில். மலைப் பாதையில் மாடுகள் என் பேச்சைக் கேட்கும். வீட்டில் நான்தான் மாடு. சாணி அள்ளு, தண்ணீர் தூக்கு, புல் அறு. மலைக்குப் போகாத நாளெல்லாம் இதுதான் என் பிழைப்பு.

அந்த வாரம் தெருவில் ஒரு பண்டாரம் வந்தார். ஊரையே அதட்டுகிற சுப்புத்தாய் அவருக்கு மோர் கொடுத்து, நிழலில் உட்காரச் சொல்லி, தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டாள். அவர் மூஞ்சியில் ஒன்றுமில்லை. விஷயம் கழுத்தில் இருந்தது. ருத்ராட்ச மாலை.

நாமும் ஒரு மாலை போட்டால் என்ன என்று யோசித்தேன். துளசி மணி பெருமாளுக்கு உரியது. நமக்குத் திருநீற்று நெற்றி, ஒட்டாது. தாமரை விதையில் மாலை கோப்பார்கள், பார்க்கக் கொண்டைக்கடலை மாதிரி இருக்கும், பசிக்கும். ருத்ராட்சம்தான் சரி. ஆனால் அது நேபாளத்து மரத்துக் கொட்டை. காசிக்குப் போனவர்கள் கொண்டு வருவது. எனக்கோ உத்தமபாளையம் சந்தைக்குப் போவதற்கே வீட்டில் உத்தரவு வேண்டும்.

வழி மலையில் கிடைத்தது. மாடுகளை அவிழ்த்துவிடுகிற இடத்தில் ஒரு பெரிய மரம். அடியில் பழம் அழுகிக் கொட்டைகள் இறைந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். மேலெல்லாம் முண்டும் முடிச்சும், நீளவாக்கில் மூன்று கோடு. அசல் ருத்ராட்சச் சாடை. சிவபெருமான் கண்ணீர் விழுந்த இடத்திலெல்லாம் அந்த மரம் முளைத்ததாகச் சொல்வார்கள். நேபாளம் வரைக்கும் தெறித்த கண்ணீரில் நம் மலைக்கு ஒரு சொட்டு விழாமலா போயிருக்கும்?

மடி நிறையப் பொறுக்கினேன். தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளைத்தேன். இரண்டு விரல் வெந்தது. நல்லெண்ணெய் தடவியதும் கொட்டைகள் பரம்பரைச் சாமியார் சொத்து போலக் கறுத்துப் பளபளத்தன. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்னது கழுத்துல?" என்றாள் சுப்புத்தாய்.

"மூணு முக ருத்ராட்சம். அஞ்சு முகந்தான் ஊரெல்லாம் கெடைக்கும். இது அபூர்வம். மலையில ஒரு சாமியார் போட்டுவிட்டாக."

அவள் ஒரு மணியை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்துகூடப் பார்த்தாள்.

"சாமியார் என்ன சொன்னாக?"

"இதப் போட்டவன் சாணி தொடப்படாது. தண்ணிக்கொடம் தூக்கப்படாது. பொம்பள ஏவுற வேலையச் செய்யப்படாது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"கறி, கள்ளு பத்திச் சொல்ல மறந்திருப்பாக. மாலை போட்டவுக கறி தொடப்படாது. கள்ளுக்கடைப் பக்கம் தலவச்சும் படுக்கப்படாது."

"ஆமா, அதையுஞ் சொன்னாக" என்றேன். சாமியாரைக் குறைத்துச் சொல்லக் கூடாதே.

சுப்புத்தாய் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் தொடாத கால். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அப்புறம் நான் வாழ்ந்தேனே ஒரு வாழ்வு. வேப்பமரத்தடியில் கட்டில். கட்டிலுக்கே கஞ்சி. தொழுவத்தில் அவள் சாணி அள்ள, நான் கண்ணை மூடிக்கொண்டு சிவசிவா என்பேன். ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்ப்பேன். அந்தக் காட்சிக்குக் கைலாயம் ஈடாகாது.

கிணற்றடியில் அவளே போய் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். திருநீறு பூசினேன். ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்திருந்தாள், காய்ச்சல் இறங்கியது. பேர் எனக்கு. தேங்காயும் பழமும் வந்து குவிந்தன. என்னை "ஏலே ராக்கையா" என்று கூப்பிட்ட பெரிசுகள் எல்லாம் "வாங்க சாமி" என்றார்கள். தேவாரத்தில் இப்படி ஜெயித்த புருசன் ஒருத்தன் உண்டா?

நாக்குதான் எனக்கு எதிரி. ஒரு சாயங்காலம் மேல்துண்டால் மாலையை மூடிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனேன். கடைக்காரன் பொன்னுராஜ் என்னைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான்.

"சாமி இங்கன வரப்படாது. ஒங்களுக்கு ஊத்துன பாவத்துக்கு என் கள்ளு புளிச்சுப் போகும்."

அவன் கள்ளு என்றைக்குப் புளிக்காமல் இருந்தது? ஆசி கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெடக்கோழிக் குழம்பு. மிளகு வாசம் கட்டிலைத் தேடி வந்தது. எனக்குப் பருப்புச் சோறு. எதிரே உட்கார்ந்து அவள் ஒரு கோழிக்காலைக் கடித்தாள். என் உறுதி அந்த இடத்திலேயே உடைந்தது.

"ஏ புள்ள, ஒரு விசயம். இது ருத்ராட்சம் இல்ல."

"தெரியும்" என்றாள், எலும்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நான் கூடலூர்க்காரி. குமுளி மேட்டுல இது காரக்கா. மலையாளத்தாளுக உப்புத்தண்ணியில போட்டுத் திம்பாக. நான் தின்னு துப்புன கொட்டையே ஒரு மூட்ட இருக்கும். ருத்ராட்ச மரத்துக்கு இது பங்காளி மரம். சாடை வரத்தான செய்யும்?"

"தெரிஞ்சுக்கிட்டா கால்ல விழுந்த?"

"கள்ள விடுங்கன்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன், கேட்டீகளா? ஒரு கொட்ட சொல்லி விட்டுட்டீக. அந்தக் கொட்ட கால்லகூட விழுவேன்."

"இப்பவே அறுத்தெறியப் போறேன்."

"அறுங்க. மொக்கம்மா வாசல்லதான் நிக்கிறா. ஊறுகாக் கொட்டையப் போட்டுக்கிட்டு ஒம் பிள்ளைக்குத் திருநீறு பூசுனாகன்னு சொல்லிப்பிடுறேன். தேங்கா குடுத்தவுக எல்லாம் வந்து ஒங்களக் கவனிச்சுக்கிருவாக."

கழுத்துக்குப் போன கை மாலையை நேராக்கிவிட்டுக் கீழே இறங்கியது. சரி, கறி போகட்டும், கள்ளு போகட்டும். கட்டிலாவது மிஞ்சுமே என்று எழுந்தேன்.

"எங்க போறீக?" என்றாள். "ருத்ராட்சம் போட்டவுகதான சாணி தொடப்படாது. ஊருக்குத்தான் அது ருத்ராட்சம். நம்ம ரெண்டு பேருக்கும் காரக்காதான?"

சாணிக் கூடையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.