பேரணாம்பட்டு மலையில் குறுக்கே நின்ற வீடு

பெண் பார்க்கப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு போனோம். யோசனை அப்பாவுடையது. எதிர்த்து நிற்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்த அசட்டுத்தனம் என்னுடையது.

அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் வியாபாரம். தோல் ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன லாரி ஒன்று மண்டியில் கிடந்தது. யாரோ ஒரு துரை மோட்டாருக்குள்ளேயே கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு மலைப் பக்கமெல்லாம் உல்லாசமாகத் திரிகிறார் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தச்சரைக் கூப்பிட்டு லாரியின் மேல் ஒரு வீடு கட்டச் சொன்னார். அந்த மனிதருக்கு வீடு கட்டத் தெரியும், வண்டியைப் பற்றி என்ன தெரியும்? தேக்கு நிலை, இரட்டைக் கதவு, கம்பி ஜன்னல், கூடம், சமையலறை என்று தெருவில் கட்டுகிற மாதிரியே கட்டித் தள்ளிவிட்டார். (ஓடு வேய்ந்தே தீருவேன் என்று நின்றவரை அம்மாதான் கெஞ்சிக் கூத்தாடித் தகரம் போட வைத்தாள்.) அப்புறம் கிரகப்பிரவேசம் வேறு. பலகை போட்டு ஒரு பசுமாட்டை உள்ளே ஏற்றினார்கள். ஏறிய மாடு சாயந்தரம் வரை இறங்கவில்லை. அதன் பிறகு எத்தனை தரம் கழுவியும் தோல் நாற்றத்தோடு மாட்டு நாற்றமும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

பெண் வீடு வெங்கடகிரிகோட்டை. பேரணாம்பட்டு தாண்டி மலை ஏற வேண்டும். பெண்ணின் பெயர் கனகா. குடியாத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், இரண்டாம் தரம் பாயசம் கேட்கக் கூச்சப்பட்டு நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே ஊற்றிவிட்டுப் போனவள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தரகர் மூலமாகத்தான் பேச்சு நடந்தது. அவள் அப்பாவை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. மதியத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் கோலாரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வருவதாகவும் தரகர் காதைக் கடித்தார். பஸ்ஸில் போய்விடலாம் என்றேன். நம்ம அந்தஸ்து இன்னான்னு அவங்க பாக்க வாணாமா என்று அப்பா ஒரே பேச்சில் என் வாயை அடைத்துவிட்டார்.

மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. அப்பாவின் தோஸ்த் கரீம் பாய்தான் ஓட்டினார். வண்டி நீளம் ஜாஸ்தி, கொஞ்சம் பின்னால் வாங்கினால் திரும்பிவிடும் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பின வண்டி பின்னால போவக் கூடாது. முன்னாலயே ஒடி, பாய்."

பாய் ஒடித்தார். வண்டியின் மூக்கு பாறையில் இடித்தது, பின்சக்கரம் ஓரத்துக் கால்வாயில் இறங்கியது, வீடு ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. உச்சி வெயில் வந்தது, போயும் போய்விட்டது. மேலேயும் கீழேயும் மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வண்டிக்காரர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். இப்போதாவது பின்னால் எடுங்களேன் என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அப்பா அசையவில்லை. அம்மா என்னவோ சொந்த வீட்டில் இருக்கிற நிம்மதியோடு அடுப்பை மூட்டிச் சோறு வடித்துக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டாள்.

அப்போது மேலிருந்து வந்த ஒரு வண்டியிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் குதித்தார்.

"எவன்யா அது, ரோட்டு மேல வூடு கட்டி வெச்சிருக்கிறவன்?"

அப்பா கும்பிட்டார். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அம்மாவுக்கு யாரையும் பசியோடு நிற்க வைத்துப் பழக்கமில்லை, வழி விடுகிற வரைக்கும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டாள். அவர் முறைத்துப் பார்த்தார். குழம்பு வாசனை மூக்கில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். நாலு கவளம் இறங்கியதும் பேச்சு வந்தது.

"காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ஆம்பூர்லருந்து பொண்ணு பாக்க வர்றோம்னாங்க, ஆளையே காணோம். சரியான பேஜாரு. பொண்ணு குடுக்கறதா இல்லன்னு நேர்ல சொல்லிட்டு வரத்தான் போறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். பிறகு அவர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, நல்லா சாப்பிடுங்கண்ணா என்றாள். அவர் வழித்து முடித்துக் கை கழுவித் துண்டில் துடைத்துக்கொள்ளும் வரை அம்மா காத்திருந்தாள்.

"அண்ணா, அந்த ஆம்பூர்க்காரங்க நாங்கதான். இவன்தான் பையன்."

எங்கள் ஜனங்களில் சம்பந்தம் முடிவாகாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. மீசைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. இது வீடே இல்லை, மோட்டார் என்று கத்தினார். மாடு ஏற்றிக் கிரகப்பிரவேசம் செய்த வீடு என்று அப்பா நிலையில் இருந்த மஞ்சள் குங்குமத்தைக் காட்டினார். நியாயம் கேட்க இருவரும் வெளியே வந்தார்கள். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை வண்டிக்காரர்களும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்.

"வூடுதான் சாமி. ஒத்துக்கினு வழிய வுடுங்க."

அவர் இலையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. சரி, தருகிறேன் என்றார், ஆனால் இந்தச் சனியனை எங்கள் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்றார். சம்பந்தி சொன்ன பிறகு அப்பாவால் மறுக்க முடியவில்லை. வண்டிக்காரர்கள் தோள் கொடுத்துத் தள்ள, கரீம் பாய் ஒரே மூச்சில் பின்னால் எடுத்தார். நாங்கள் அவருடைய மாட்டு வண்டியில், அவர் பக்கத்திலேயே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மலை ஏறினோம்.

கனகாவும் நானும் குடித்தனம் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் அப்பாவுக்கு மட்டும், கை நனைத்து மாட்டிக்கொண்ட அந்தப் பயம் கடைசி வரை தெளியவில்லை. அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு தங்கைகள். அதனால் கல்யாண வீடோ காரிய வீடோ, யார் எதை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். கோயிலில் பொங்கல் கொடுத்த குருக்களைக்கூட விடவில்லை. தங்கைகளுக்கும் கல்யாணமாகி, மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. காலையில் நான் ஆசையாகக் காபி போட்டுக்கொண்டு போய் நீட்டினால்கூட, டம்ளரை வாங்குமுன் கனகா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைக் கேட்கிறாள்:

"உங்க வூட்ல கல்யாண வயசுல பையன் யாராவது இருக்கானா?"