பூச்சுக்குக் காவல்

கார் வாங்குகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. கார் வாங்கப் போய், காரின் மேல் தடவிய பூச்சை வாங்கிக்கொண்டு வருகிற இனம். பூச்சு நிற்பதற்கு ஏதாவது ஒரு இடம் வேண்டுமே, அதற்காகக் கார். நீங்கள் இவரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காலையில் பல்லைக்கூடத் தேய்க்காமல், தூங்கிக் கசங்கிய சட்டையோடு வாசலுக்கு வந்து, நல்ல வெயிலிலும் டார்ச்சை எரியவிட்டு, காரை இடமிருந்து வலமாக ஒரு முறையும் வலமிருந்து இடமாக ஒரு முறையும் சுற்றி வருவாரே, அவர்தான். நடுவில் நிற்பார். குனிவார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள நகத்தால் மெல்லச் சுரண்டுவார். இப்போது அங்கே ஏதோ இருக்கும்.

இவருக்குப் பூச்சுக் காவலர் என்று பெயர் வைப்போம்.

காவலர் பிறப்பது ஷோரூமில். பணமெல்லாம் கட்டியாகிவிட்டது, சாவி மேசைமேல் இருக்கிறது, கை அதை நோக்கி நீண்டுகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, கழுத்தில் டை கட்டியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்பார். மேசைக்கு அடியிலிருந்து சிவப்பு நிறத் தகடு ஒன்று வெளியே வரும். பாதியில் பூச்சு, பாதி வெறும் தகடு. மார்க்கர் பேனாவால் இரண்டு பாதியிலும் கோடு போடுவார்; துடைப்பார்; ஒரு பக்கம் கோடு போய்விடும். தண்ணீர் ஊற்றுவார், ஒரு பக்கம் முத்து முத்தாக உருண்டு ஓடும். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் மார்க்கர் பேனாவோடு வந்து உங்கள் காரில் எழுதினார்கள்? அந்தக் கேள்வி அப்போது யாருக்கும் தோன்றாது. டை கட்டியவர் அனுதாபத்தோடு கேட்பார்: "இல்ல, வெறும் பெயிண்ட்டோடவே அனுப்பிடட்டுமா சார்?"

வெறும் பெயிண்ட். பெற்ற பிள்ளையைச் சட்டையில்லாமல் பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று கேட்ட மாதிரி இருக்கும்.

தொழிற்சாலையிலேயே அந்த நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற கெட்டியான படலம் ஒன்றைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கத்தான் அது இருக்கிறது, ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் வருஷத்துக்கு இரண்டு முறை மெழுகும் கிடைத்தால் அது பல வருஷம் பளபளப்பாக இருக்கும் என்பதை டை சொல்லாது. அதைச் சொல்லவா அவர் டை கட்டியிருக்கிறார்? காவலர் கையெழுத்துப் போடுவார். அந்த விலைக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம். அது குளிரவாவது செய்யும்.

எனக்குத் தெரிந்த காவலர் ஒருவரைச் சொல்கிறேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். கோணல் கோட்டைக் கண்டால் தூக்கம் வராது. அவருடைய ஒரே மகள் பிசியோதெரபி படித்து முடித்து, நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமம் எடுத்தாக வேண்டும். வீடு வீடாகப் போக ஒரு காரும் வேண்டும். அதற்காகத்தான் கார். "இது உனக்குத்தாம்மா" என்று ஷோரூமில் எல்லார் முன்னாலும் சொன்னார். டை கட்டியவர் கைதட்டினார்.

காரோடு ஒரு கையேடும் வந்தது. முப்பத்திரண்டு பக்கம். பூச்சு காரைப் பாதுகாக்கும் என்பது முதல் பக்கம். பூச்சை நீங்கள் எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பது மிச்ச முப்பத்தொரு பக்கம். ஏழாம் பக்கம்: உப்பில்லாத தண்ணீர் மட்டும். பதினொன்றாம் பக்கம்: பறவை எச்சம் விழுந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அகற்றப்பட வேண்டும். பதினான்காம் பக்கம்: வருடாந்தரப் பரிசோதனை தவறினால் வாரண்டி செல்லாது. காவலர் அத்தனையும் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டார். மூன்றாம் பக்கத்தில் மட்டும் இரட்டைக் கோடு: முதல் ஏழு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, உறையும் போடக்கூடாது.

மகளுக்கு ஐந்தாம் நாள் ஓட்டுநர் தேர்வு. நான்கு நாளும் பின்பக்கமாக நிறுத்திப் பழக வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். "காயட்டும்மா" என்று பதில் வந்தது. ஐந்தாம் நாள் காலை மழை. அந்த வீட்டில் இருந்தவை இரண்டு குடை. ஒன்றை விரித்துக் காவலர் பானெட்டுக்குப் பிடித்தார். இன்னொன்றை மனைவி கையில் கொடுத்து டிக்கிப் பக்கம் நிறுத்தினார்.

"புள்ள நனைஞ்சிட்டே போறா பாருங்க" என்றார் மனைவி.

"அவ காஞ்சிடுவா."

மகள் தலை சொட்டச் சொட்ட ஓட்டுநர் பள்ளியின் ஓட்டைக் காரில் ஓட்டிக் காட்டி, தேறி, மத்தியானம் வந்தாள். அப்பா அப்போதும் குடையோடு நின்றுகொண்டிருந்தார். முழங்கை வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். அவள் படிப்பு அது.

எட்டாம் நாள் மனைவியின் தம்பி வந்தார். இவர் கார்களுக்கு வண்ணம் அடிக்கிறவர். இருபது வருஷமாக அதே பட்டறை. எந்தக் கார் எந்தப் பக்கம் இடித்து நிமிர்த்தப்பட்டது என்பதைத் தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்க எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்திருந்த பாலிஷை விரலால் தொட்டார்.

"எத்தன மணிக்கு விட்டீங்க, எத்தன மணிக்குக் குடுத்தாங்க அத்தான்?"

"பன்னெண்டுக்கு. நாலு மணிக்கு ரெடி. சுறுசுறுப்பான பசங்க."

"ஒழுங்கா செய்யணும்னா ஒரு நாள் முழுசா ஆகும். கழுவணும், காயவைக்கணும், ஒவ்வொரு பேனலா பாலிஷ் போட்டு, அதுக்கு மேல இத தேய்க்கணும். மருந்து மோசமில்ல. போட்ட கை அவசரத்துல போட்டிருக்கு." குழாயடிக்குப் போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து பானெட்டில் கொஞ்சம் ஊற்றினார். உருண்டது. மீதியைக் கூரையில் ஊற்றினார். தண்ணீர் அப்படியே பாய் விரித்த மாதிரி படர்ந்து நின்றது. "கூரைல போடவே இல்ல அத்தான்."

சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் கோபம் வரும். காவலருக்கும் வந்தது. ஆனால் யார்மேல் வந்தது தெரியுமா?

"அது குழாய்த் தண்ணி மாப்பிள. ஏழாம் பக்கம் படிச்சீங்களா?"

"படிக்கல. போய்க் கேளுங்க, காச திருப்பிக் குடுப்பாங்க."

"கூரைய யாரு பாக்கப் போறாங்க?" என்றார் காவலர்.

இந்த ஒரு வாக்கியம்தான் இந்த இனத்தின் முத்திரை. விற்றவன் ஏமாற்றினான் என்று ஒப்புக்கொண்டால் வாங்கியவன் ஏமாந்தான் என்றும் ஆகிவிடுமே. அதனால் காவலர் விற்றவன் பக்கம் போய் நின்றுகொள்வார். சம்பளம் வாங்காமல் அவனுக்காக வாதாடுவார். கையில் வண்ணம் ஒட்டியவர் சொன்னால் பொறாமை. கழுத்தில் டை இருக்கிறவர் சொன்னால் ஆலோசனை.

போகும்போது மச்சினர் இன்னொன்றும் சொன்னார். "தூசியோட இருக்கறப்ப காஞ்ச துணி போட்டுத் துடைக்காதீங்க அத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரி அது." காவலர் சிரித்துக்கொண்டார். அவருடைய துணி கண்ணாடி துடைக்கிற துணியைவிட மெல்லியது. தினமும் காலையில் அதைக்கொண்டுதான் துடைத்தார். அன்பாக, வட்டம் வட்டமாக.

மகள் சாவி கேட்டாள். ஒரு மாதம் போகட்டும் என்றார். மாதம் போனது, வெயில் குறையட்டும் என்றார். வெயில் குறைந்தது, மழை வந்துவிட்டது. நோயாளிகள் வீட்டு வாசலில் மரம் இருக்குமா என்று விசாரித்தார். மரம் இருந்தால் பறவை இருக்கும். பறவை இருந்தால் பதினொன்றாம் பக்கம் இருக்கும். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுவனம் அவளுக்கு ஒரு பழைய காரைக் கொடுத்தது. நான்கு கதவில் ஒன்று மட்டும் வேறு நிறம். அதை ஓட்டிக்கொண்டு முடங்கிக் கிடந்தவர்களை எழுப்பி நடக்கவைத்துவிட்டு வந்தாள். புதுக் கார் உறைக்குள் படுத்திருந்தது.

ஒரு வருஷம் ஆனது. பரிசோதனைக்குக் கடைசி நாள். காவலர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, உறையை நான்கு மடிப்பாக மடித்து வைத்து, உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். டிக் என்றுகூடச் சொல்லவில்லை. ஓடாமலே நின்ற காரில் பேட்டரி செத்திருந்தது. மாலைக்குள் போகாவிட்டால் பதினான்காம் பக்கம்.

மகளைக் கூப்பிட்டார். அவள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த இரண்டு நிறக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, அளந்த மாதிரி பின்பக்கமாக நிறுத்திவிட்டு இறங்கினாள். டிக்கியிலிருந்து இரண்டு பேட்டரியையும் இணைக்கிற கேபிளை எடுத்தாள்.

"பெயிண்ட்டுல படாம, படாம."

அவள் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மட்கார்டின் மேல் விரித்தாள். பொத்தான்கள் கீழ்ப்பக்கம் இருக்கின்றனவா என்று அவர் தூக்கிப் பார்த்தார். கார் உறுமியது. வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவள் ஷோரூம் வரை பின்னாலேயே வந்தாள்.

அதே டை. அவர் கையில் ஒரு விளக்கு. பானெட்டில் அதைச் சாய்த்துப் பிடித்ததும், ஓர் ஆயிரம் சிலந்திகள் வருஷம் முழுக்க உட்கார்ந்து வலை பின்னிய மாதிரி, வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் எழுந்து வந்தன.

"துடைச்ச கீறல் சார் இது. வாரண்டில வராது. ஒன்பதாம் பக்கம்: உலர்ந்த துணியால துடைக்கக் கூடாது."

ஒன்பதாம் பக்கத்திலும் காவலர் அடிக்கோடு போட்டிருந்தார்.

"கூரைல கோட்டிங்கே காணோம் சார். வெயில்ல போயிருக்கும்."

"ஆமா, வெயில் ஜாஸ்தி" என்றார் காவலர்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "விடுங்கப்பா. ஒரு விதத்துல நல்லதுதான். இனிமே கெட்டுப்போக அதுல ஒண்ணுமில்ல. சாவியக் குடுங்க, திரும்பிப் போறப்ப நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க, என் வண்டிய சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

பல மாதமாக அவள் கேட்காமல் இருந்த கேள்வி. காவலர் பையிலிருந்து சாவியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய கை மகள் பக்கமாக நகர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, பாதி தூரம் போய்விட்டது. அவளும் கையை நீட்டிவிட்டாள்.

"சார்" என்றார் டை, குரலைத் தாழ்த்தி. "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இந்தக் கீறலையெல்லாம் எடுத்துட்டு, மேல ரெண்டு லேயர் போட்டுடலாம். இது பத்து வருஷம். இல்ல, இப்படியே கீறலோட அனுப்பிடட்டுமா?"

சாவி திசை திரும்பியது. கையேடு எத்தனை பக்கம் என்று மட்டும் காவலர் கேட்டார். நாற்பத்தெட்டு. அவர் முகம் தெளிந்தது.

கார் உள்ளே போனது. அப்பாவை மகள் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் மழை பிடித்தது. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தண்ணி உருளவே இல்ல பாரு."

"உள்ள வரலையேப்பா" என்றாள் அவள், கியரை மாற்றிக்கொண்டே. "எனக்கு அது போதும்."

சரி, நீங்கள் இந்த ரகமில்லை. தெரியும். விவரமானவர், ஷோரூமில் டை கட்டியவர் கேட்டபோது சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். அல்லது, சொல்லத்தான் நினைத்தீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். உங்கள் காரின் கூரையில் ஊற்றுங்கள். தண்ணீர் உருண்டு ஓடினால் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொள்ளுங்கள். படர்ந்து நின்றால், கூரையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று உங்கள் வாய் தானாகச் சொல்கிறதா என்று கவனியுங்கள்.

இது என்ன தண்ணீர், இதை ஊற்றலாமா என்று குவளையோடு ஒரு நிமிஷம் யோசித்து நின்றீர்களா? அப்படியானால் ஊற்ற வேண்டாம். சோதனை முடிந்துவிட்டது.