சனி ஞாயிறு நீங்கலாக

தலையே போனாலும் மச்சான் கரீம் பாட்சாவின் புது வீட்டைப் பார்க்கப் போவதில்லை என்று சலாவுதீன் முடிவெடுத்தார். முடிவை மனதுக்குள்தான் எடுத்தார். வெளியே எடுத்தால் மனைவி நூர் நிஷாவின் காதில் விழும்.

கரீம் பாட்சா நூர் நிஷாவின் ஒரே காக்கா. அண்ணனை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேலப்பாளையத்தில் நான்கு வருடமாக வீடு கட்டினார். கட்டியது கொத்தனார்தான். கரீம் பாட்சா அதைப் பற்றிப் பேசினார். போனில் என்றால் அஸ்திவாரத்தில் ஆரம்பித்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில்தான் முடிப்பார். நேரில் இன்னும் மோசம். கேட்கிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பேச்சு முடியும்வரை கை நமக்குத் திரும்பி வராது. போன பெருநாளைக்குப் போயிருந்தபோது செப்டிக் டேங்க் மூடியின் அருமை பெருமைகளைக் கேட்டு முடிப்பதற்குள் சலாவுதீனின் விரல்கள் மரத்துப்போயின. அப்போது வீட்டில் பாதிதான் எழும்பியிருந்தது. இப்போது முழு வீடு. குடிபுகும் நாளுக்கு வந்து ஒரு வாரம் தங்க வேண்டுமாம். அறை அறையாகக் காட்டுவாராம்.

தப்பிக்கும் வழி சலாவுதீனின் போனுக்குள்ளேயே இருந்தது.

தாராவியில் அவருடைய தோல் பைப் பட்டறை கீழே, வீடு மேலே. நடுவில் ஓர் இரும்பு ஏணி. பட்டறையில் இஜாஸ், வாசிம் என்று இரண்டு தையல்காரர்கள். ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்பதில் மாதா மாதம் சண்டை வரும். ஒரு நாள் இஜாஸ், முதலாளியின் போனில் ஒரு வெப்சைட்டைத் திறந்து கொடுத்தான். வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் எல்லாவற்றையும் போட்டால் வேலை நேரம் வந்து விழும். தேதிகளையும் அப்படியே கூட்டலாம், கழிக்கலாம். சண்டை நின்றது. சலாவுதீனுக்குப் பைத்தியம் பிடித்தது. தன் வயதை மணிக்கணக்கில் பார்த்தார். குக்கரின் முதல் விசிலுக்கும் இரண்டாம் விசிலுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்த்தார். கல்யாணமாகி எத்தனை நிமிடம் என்று கண்டுபிடித்து மனைவியிடம் காட்டினார். இவ்வளவுதானா, இன்னும் அதிகம் இருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்று சொல்லிவிட்டு நூர் நிஷா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அதே வெப்சைட்டில் வேலை நாட்களைக் கணக்கிடும் பகுதியும் இருந்தது. கையில் ஒரு பெரிய ஆர்டர். முப்பது வேலை நாளில் பைகளைத் தைத்து மால் தருவதாகப் பார்ட்டியிடம் சொல்லியிருந்தார். ஆரம்பத் தேதியைப் போட்டார். முப்பது என்று போட்டார். பொத்தானை அமுக்கினார். முடியும் தேதி வந்து நின்றது. கரீம் பாட்சா வீடு குடிபுகும் அதே நாள். சலாவுதீன் போனுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

ஏணியில் ஏறும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"நான் என்ன செய்ய, நூரு. மச்சான் வீட்டுக்கு வர எனக்கு ஆசை இல்லையா? அன்னைக்குத்தான் டெலிவரி. நான் சொல்லல, கம்ப்யூட்டரே சொல்லுது."

நூர் நிஷா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கோபப்படுவாள், அழுவாள், காக்காவுக்கு உடனே போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் அவர் பதில் தயாராக வைத்திருந்தார். அவள் எதையும் செய்யவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"அடியில என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கே."

"அது ஒண்ணுமில்ல. சனி ஞாயிறு நீங்கலாக."

"நம்ம பட்டறைக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தானே லீவு?"

அந்த வரியைச் சலாவுதீனே அப்போதுதான் முதல்முதலாகப் படித்தார். அந்த வெப்சைட்டை உண்டாக்கியவன் எவனோ ஆபீஸ்காரன். வாரத்துக்கு இரண்டு நாள் காலை நீட்டிப் படுக்கிறவன். வெள்ளி ஒன்றை மட்டும் கழித்தால் மால் ஒரு வாரம் முன்னாலேயே முடிந்துவிடும். அப்புறம் ரயில், மேலப்பாளையம், மணிக்கட்டு. வாய் தன்னால் திறந்துகொண்டது.

"இந்த மாசத்துலேர்ந்து சனி ஞாயிறும் லீவு விடுதேன். பயலுவளும் மனுசங்கதானே."

நூர் நிஷாவின் முகம் பூரித்துப்போனது. இந்த மனசு யாருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே ஏணியின் தலைப்பக்கம் போய்க் குனிந்தாள்.

"இஜாஸு, வாசிமு, இனிமே சனி ஞாயிறு உங்களுக்கு லீவாம். சேட் சொல்லுதாவ."

கீழே இரண்டு தையல் மெஷின்களும் ஒன்றாக நின்றன. தாராவியில் பட்டப்பகலில் அப்படி ஓர் அமைதியைச் சலாவுதீன் கேட்டதில்லை. பிறகு வாசிமின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அப்போ வெள்ளிக்கிழமை ஜும்மா சுட்டி? அந்த லீவு போச்சா, பாபி?"

"அது தொழுகைக்குள்ள நாளு. அதுல யாராவது கை வைப்பாவளா?"

வாரத்துக்கு மூன்று நாள் லீவு விடும் முதலாளி என்ற பெயர் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் பக்கத்துப் பட்டறை முதலாளிகள் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுடைய ஆட்களும் லீவு கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். இஜாஸும் வாசிமும் சனிக்கிழமைகளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஜூஹு கடற்கரைக்குப் போனார்கள். வெள்ளி தொழுகை முடிந்ததிலிருந்து ஞாயிறு ராத்திரிவரை சலாவுதீன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தைத்தார். ஜிப் தைத்தார், கைப்பிடி தைத்தார், ஒரு தடவை தன் கட்டைவிரல் நகத்தையும் சேர்த்துத் தைத்தார். மேலேயிருந்து நூர் நிஷா டீ போட்டு அனுப்பினாள். லீவு நாளில்கூடச் சும்மா இருக்க மாட்டார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

அவள் தனியாகத்தான் ஊருக்குப் போனாள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். ஒரே காக்காவின் வீட்டு விசேஷத்துக்குப் புருஷன் இல்லாமல் போகிறாளே என்று சலாவுதீனுக்கு நெஞ்சு கனத்தது. உண்மையாகவே கனத்தது. மணிக்கட்டை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார், சரியாகிவிட்டது.

மால் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. விரல் வீங்கியிருந்தாலும் கை அவருடைய கையாகவே இருந்தது. ஜெயித்தது யார்? அடுத்த சனிக்கிழமை காலையில், ஆர்டர் இல்லை, ஆள் இல்லை, சத்தம் இல்லை என்று லுங்கியோடு பாயில் புரண்டுகொண்டிருந்தார். அன்றுதான் நூர் நிஷா திரும்பி வருகிறாள். இரும்பு ஏணி டங் டங் என்றது. ஒருத்தி ஏறுகிற சத்தத்துக்கு அது அதிகமாக இருந்தது.

முதலில் நூர் நிஷாவின் தலை தெரிந்தது. அடுத்து ஒரு வெள்ளைத் தொப்பி. சலாவுதீன் எழுந்து உட்காருவதற்குள் கரீம் பாட்சா பாயில் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"மச்சானுக்குத்தான் வர முடியாம போச்சே. அதான் வீட்டை முழுக்க வீடியோ எடுத்துட்டு வந்துட்டேன். மொதல்ல அஸ்திவாரம்."

சலாவுதீன் கையை மச்சானிடமே விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் அடுக்களைக்குப் போன மனைவியின் பக்கம் நீட்டினார். காக்கா எப்படி இங்கே என்று கண்ணாலேயே கேட்டார்.

"நீங்கதான் வெள்ளி, சனி, ஞாயிறு லீவு விட்டிருக்கீங்கன்னு சொன்னேன். ஒடனே கெளம்பிட்டாவ" என்றாள் நூர் நிஷா.

"எத்தனை நாளைக்கு?"

"உங்க போன்ல போட்டுப் பாருங்க. ஆரம்பத் தேதி இன்னைக்கு. முடியுற தேதிதான் காக்கா இன்னும் சொல்லல."