வெறும் வயிற்றில் வெறும் டீ

எங்கள் விருத்தாசலத்தில் டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டால், டீயும் பொறை ரொட்டியும் முடித்தவர்கூட "இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படல" என்பார். நானும் அந்தக் கட்சிதான். அதனால்தான் பெண்ணாடத்தில் என் மானம் போனது.

ராத்திரி இன்சுலின் போட்டுக்கொண்டுதான் படுப்பேன். இருந்தும் காலைச் சர்க்கரை இறங்குவதாக இல்லை. டாக்டரம்மா கேட்டார், "வெறும் வயித்துலதானே பாக்குறீங்க?"

"ஆமாங்கம்மா, சுத்தமான வெறும் வயிறு" என்றேன், சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறவனைப் போல. (சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் விரலைக் குத்துவேன். அது வெறும் டீதானே?) அவர் நம்பி, ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் மலருக்குப் பெண்ணாடத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கரும்பு ஆலையில் வேலை. மலர் இங்கே பீங்கான் கம்பெனியில் ஜாடிகளுக்குப் பூ வரைகிறாள். "கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன். அதுக்கு அவங்க ஒத்துக்கிட்டாதான் எனக்குச் சரி. மறந்துடாதப்பா" என்று சொல்லி அனுப்பினாள்.

"நான் பேசிட்டு வரேன் பாரு" என்றேன். பேச்சில் என்னை ஜெயிக்க இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் சொல்லும்வரை சம்பந்தி வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தின்றாலும் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மனைவியோடும் தரகரோடும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அன்று டீயும் குடிக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக என் வயிறு நிஜமாகவே வெறும் வயிறு.

மாப்பிள்ளையின் அம்மா தட்டு நிறைய லட்டு கொண்டுவந்தார். "எடுத்துக்குங்கண்ணே."

"இருக்கட்டும்மா, மொதல்ல பேசிடுவோம்" என்று கம்பீரமாகத் தொண்டையைக் கனைத்தேன். பேச்சு வரவில்லை. வேர்வைதான் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு பேராகத் தெரிந்தார். "ஒரே ஒரு கண்டிஷன்..." என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தையைத் தேடினேன். அதற்குள் என் கை லட்டைத் தேடிக்கொண்டது. ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அடுத்ததைத் தரகரின் கையிலிருந்து பிடுங்கினேனாம். (எனக்கு நினைவில்லை. மனைவி சாட்சி.)

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "சம்பந்தி கை நனைச்சிட்டாரு. அப்புறம் என்ன, தேதியக் குறிங்க."

அப்போதுதான் எனக்குத் தலை தெளிந்துகொண்டிருந்தது. மகள் சொன்னது நினைவுக்கு வந்து வாயைத் திறந்தேன். பூந்திதான் உதிர்ந்தது.

என் மனைவி எழுந்தாள். "இன்சுலின் போட்டுக்கிறவருங்க. சக்கர எறங்கிப்போச்சி, அதான் தின்னுட்டாரு. அவுரு நனைச்சது மருந்துக்கு. என் கை இன்னும் காஞ்சிதான் இருக்குது. எம் பொண்ணு வேலைய வுட மாட்டா, தெனம் பஸ்ஸுல போயிட்டு வருவா. சரின்னு சொல்லுங்க, நானும் நனைக்கிறேன்."

மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு லட்டை எடுத்து என் மனைவி கையில் வைத்தார். "போயிட்டு வரட்டும். எங்க வூட்டுல ஒருத்தியாவது பஸ்ஸு ஏறட்டும்."

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "டீ குடிச்சிட்டா பாத்தீங்க? அந்தக் கணக்க நம்பித்தானே மருந்தக் கூட்டினேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எழுந்ததும், டீக்கு முன்னால் குத்திப் பார்த்தால், காலைச் சர்க்கரை யோக்கியமாகத்தான் இருந்தது. ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார்.

பேரனுக்குப் பெயர் வைத்த அன்று நான் ஒரு பெயர் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் என் மனைவி பக்கம் திரும்பி, "அத்த, ஒங்க கை நனைஞ்சிதா, இன்னும் காஞ்சிருக்குதா?" என்றார்.

காய்ந்துதான் இருந்ததாம். வேறு பெயர் வைத்தோம்.